பந்தியில் குழந்தைக்கு எந்த இடம்?

திருத்தணியில முகூர்த்த நாள்ல ஒரு மண்டபத்துக்குள்ள போனீங்கன்னா இந்தக் காட்சியைப் பார்க்கலாம். காலையில முருகனுக்கு மொட்டை போட்ட ரெண்டு வயசுக் குழந்தை, தலையில சந்தனத்தோட பந்திக்கு வருது. சென்னை வீட்டுல அதுக்குன்னு ஒரு பேபி சேர், முன்னாடி ட்ரே, தனிக் கிண்ணம் எல்லாம் உண்டு. இங்க எதுவும் இல்ல. பாட்டி பக்கத்துல உக்கார வெச்சு, குட்டியா ஒரு இலை போடச் சொல்றாங்க.

“கொட்டிடுவான் அத்தை.”

“கொட்டட்டும்மா, இலை எதுக்கு இருக்கு?”

குழந்தை எப்போ பெரியவங்களோட ஒரே வரிசையில உக்காருது? இதுதான் இன்னைக்கு எபிசோட். கேட்டா பேரன்ட்டிங் கேள்வி மாதிரி இருக்கும். ஆனா நம்ம ஊர்ல இது ஒரு காலத்துல அரசியலையே உலுக்கின கேள்வி.

முதல்ல அந்த சேர். ஐரோப்பாவோட பழைய ஹை சேர்கள்ல ட்ரே கிடையாது. குழந்தையை அதுல உக்கார வெச்சு மேசையோட ஒட்டி இழுத்துப் போடுவாங்க. ட்ரே பரவலானது 19-ம் நூற்றாண்டுல. அதுக்கப்புறம் குழந்தை தன் சின்ன மேசைக்குள்ளயே தனியாயிடுச்சு. 1972-ல நார்வே வடிவமைப்பாளர் பீட்டர் ஆப்ஸ்விக், தன் சின்ன மகனுக்கு ஹை சேர் பத்தாம, பெரியவங்க நாற்காலியும் பொருந்தாம இருக்கறதைப் பார்த்தார். குழந்தை வளர வளர ஏத்தி இறக்கிக்கிற மாதிரி, நேரா குடும்ப மேசைக்கே இழுத்துப் போடுற ஒரு நாற்காலியைச் செஞ்சார். அதுதான் ‘டிரிப் டிராப்’. குழந்தையைத் திரும்ப மேசைக்குக் கூட்டிட்டு வர அவங்களுக்கு ஒரு புது நாற்காலி தேவைப்பட்டுச்சு.

நமக்கு மேசையே பிந்தி வந்ததுதான். தரை, பாய், மணை, இலை. இடுப்புல தூக்கி வெச்சு சோறு ஊட்டுற காலம் முடிஞ்சா, அடுத்து நேரா பந்திதான். புறநானூற்றுல பாண்டியன் அறிவுடை நம்பி பாடின 188-வது பாட்டு முழுக்க, சோத்துல கையை விட்டு மேலெல்லாம் பூசிக்கிற ஒரு குழந்தையைப் பத்தினது. எத்தனை பேரோட உக்காந்து சாப்பிடுற செல்வம் இருந்தாலும், அந்தக் குழந்தை இல்லாத வாழ்க்கையில பயன் இல்லன்னு சொல்றவர் ஒரு அரசர். அந்தக் கலாட்டாவை நம்ம இலக்கியம் கொண்டாடியிருக்கு.

ஆனா அந்தப் பந்திக்கு இன்னொரு முகமும் உண்டு. யார் பக்கத்துல யார் உக்காரலாம்னு சாதி தீர்மானிச்ச இடமும் அதே பந்திதான்.

1920-கள்ல வ.வே.சு. ஐயர் சேரன்மாதேவியில ஒரு குருகுலம் நடத்தினார். தமிழ்நாடு காங்கிரஸும் அதுக்கு நிதி கொடுத்துச்சு. அங்க ரெண்டு பிராமண மாணவர்களுக்கு மட்டும் தனியாச் சாப்பாடு. பெற்றோர் கேட்டுக்கிட்டதால ஐயர் ஒத்துக்கிட்டார். விஷயம் வெளியே வந்ததும் பெரியாரும் வரதராஜுலு நாயுடுவும் கடுமையா எதிர்த்தாங்க. பொதுப் பணத்துல நடக்குற பள்ளியில பிள்ளைகளைப் பிரிச்சு உக்கார வைக்கலாமாங்கிறதுதான் கேள்வி. பஞ்சாயத்து காந்தி வரைக்கும் போச்சு. 1925-ல ஐயர் பொறுப்புல இருந்து விலகினார். அதே வருஷம் நவம்பர்ல, வகுப்புவாரி பிரதிநிதித்துவத் தீர்மானம் ஏற்கப்படாததால பெரியார் காங்கிரஸை விட்டு வெளியேறினார். அதுக்கு முன்னாடியே விழுந்த பெரிய விரிசல், குருகுலத்துச் சாப்பாட்டு வரிசை.

அந்த வரிசையைப் பள்ளிக்கூடத்துலேயே மாத்தினது மதிய உணவு. 1956-ல காமராஜர் ஆட்சியில அது சென்னை மாநிலத்துல பெரிய அளவுல தொடங்குச்சு. அப்போ திருத்தணி இந்தப் பக்கமே இல்ல. 1953-ல ஆந்திரா பிரிஞ்சப்போ சித்தூர் மாவட்டத்தோட அங்க போன ஊர் இது. ம.பொ.சி. நடத்தின எல்லைப் போராட்டம், 1959-ல எல்லை மாற்றச் சட்டம், இதெல்லாம் தாண்டி 1960 ஏப்ரல் 1-ம் தேதி சென்னை மாநிலத்தோட சேர்ந்துச்சு. ஒரு பிள்ளை எந்த அரசாங்கத்தோட பந்தியில உக்காரணும்னு இந்த ஊருக்கு எல்லைக்கோடுதான் சொல்லுச்சு.

1982 ஜூலை 1-ம் தேதி எம்.ஜி.ஆர். தொடங்கின சத்துணவுத் திட்டம், ரெண்டு வயசுக் குழந்தைகளையும் சேர்த்துக்கிச்சு. அதாவது, நாம இன்னைக்கு “பேபி சேர்ல இருந்து எப்போ இறக்கலாம்”னு யோசிக்கிற அதே வயசு. ஒரு அங்கன்வாடிக்குள்ள எட்டிப் பாருங்க. பாய்ல வரிசையா தட்டு. பக்கத்துல இருக்கிற பிள்ளை கையால அள்ளிச் சாப்பிடுறதைப் பார்த்து, புதுசா வந்த பிள்ளையும் அள்ளுது. பாதி வாயில, பாதி பாய்ல. அந்த வரிசையில சாதிக்கு இடம் இல்லங்கிறதுதான் திட்டத்தோட உயிர். இன்னைக்கும் சில ஊர்கள்ல, தலித் பெண் சமைக்கிறாங்கன்னு பிள்ளைகளைச் சாப்பிடவிடாத பெற்றோர் பத்தி செய்தி வருது. அந்தப் பிள்ளைக்கு அது தெரியாது. பெரியவங்க சொல்லித்தான் தெரிஞ்சுக்குது.

அதனால பேபி சேர்ல இருந்து இறக்க நல்ல வயசு எதுன்னு கேட்டா, தானா உக்காந்து, தானா அள்ளி, பக்கத்துல இருக்கிறவங்களைப் பார்க்க ஆரம்பிச்சா போதும். சேர் சின்ன விஷயம். பக்கத்து இலை யாரோடதுங்கிறதைத்தான் குழந்தை முதல்ல பழகிக்குது.

திருத்தணி மண்டபத்துல அந்தக் குழந்தை பாயசத்தைக் கொட்டிடுச்சு. எதிர் வரிசையில இருந்த யாரோ ஒரு அண்ணன் தன் அப்பளத்தை நீட்டினார். பாட்டி தடுக்கல. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.