இரும்புச் சந்தை – 14: பிராடக்கின் கேப்டன்

வங்கியாளர் பியர்பான்ட் மார்கன் கைக்குப் போன அந்தத் துண்டுச் சீட்டை இந்த வாரம் பார்ப்பதாகச் சொல்லியிருந்தேன். ஆண்ட்ரூ கார்னகி தன் எஃகு ஆலைகளுக்கு விலையாக அதில் குறித்துக் கொடுத்த தொகை 48 கோடி டாலர். மார்கன் பேரம் பேசவில்லை. பேசாததற்குக் காரணம் பென்சில்வேனியாவில், பிட்ஸ்பர்க் நகரத்துக்குப் பக்கத்தில், பிராடக் என்ற ஊரில் இருக்கிறது. அங்கே போய்விட்டு வராமல் சீட்டைப் பிரிப்பதில் பொருளில்லை.

1867-இல் அமெரிக்காவில் ஒரு டன் எஃகுத் தண்டவாளம் 166 டாலர். 1877-இல் 45 டாலர் சொச்சம். 1898-இல் 17 டாலர் சொச்சம். முப்பது ஆண்டுகளில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு! உருகிய இரும்பைக் கலனில் ஊற்றி, காற்றை ஊதி எஃகாக்கும் பெஸ்ஸமர் முறைதான் காரணம் என்று பாடநூல்கள் ஒரே வரியில் முடித்துவிடுகின்றன. பெஸ்ஸமரின் கலன் எல்லா முதலாளிகளிடமும் இருந்தது. பிராடக்கில் மட்டும் கேப்டன் ஜோன்ஸ் இருந்தார்.

வில்லியம் ஜோன்ஸ். வேல்ஸிலிருந்து பிழைக்க வந்த குடும்பம். பத்து வயதில் கட்டசாக்குவா ஊரின் இரும்பாலையில் எடுபிடியாகச் சேர்ந்தவர். உள்நாட்டுப் போரில் வட தரப்பில் நின்று ஃபிரெடரிக்ஸ்பர்க்கிலும் சான்சலர்ஸ்வில்லிலும் சண்டையிட்டார். ‘கேப்டன்’ பட்டம் அந்தப் போர் கொடுத்தது. திரும்பி வந்து ஜான்ஸ்டவுனில் கேம்ப்ரியா ஆலையில் உழைத்தார். 1873-இல் அங்கே தலைமைப் பொறுப்பு காலியானபோது நிர்வாகம் அவரைத் தாண்டி வேறொருவரை அமர்த்தியது. மனம் கசந்து கிளம்பிய ஜோன்ஸை, பிராடக்கில் எழும்பிக்கொண்டிருந்த கார்னகியின் எட்கர் தாம்சன் ஆலை வாரிக்கொண்டது. இரும்பு வரலாற்றில் இதைவிடப் பெரிய முட்டாள்தனத்தை ஒரு நிர்வாகம் செய்திருக்குமா என்று எனக்குத் தெரியவில்லை. கேம்ப்ரியாவின் கைதேர்ந்த ஆட்கள் பலர் அவர் பின்னாலேயே நடையைக் கட்டினார்கள்.

1873-ஆம் ஆண்டின் நிதிப் பீதியை முன்பே விரிவாகப் பார்த்துவிட்டோம். ரயில் பாதை போடுவது நின்றுபோய், உலைகள் வரிசையாக அணைந்த நேரம். அந்த நேரத்தில்தான் கார்னகி பிராடக் ஆலையைக் கட்டினார். செங்கல், இயந்திரம், கூலி எல்லாமே மலிவு. 1875 செப்டம்பரில் முதல் தண்டவாளம் உருண்டு வந்தது.

எஃகு விலையின் சூட்சுமம் ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். ஊது உலையை நினைத்தபோது ஏற்றி, நினைத்தபோது அணைக்க முடியாது. உள்ளே உலோகம் உறைந்தால் உலையே பாழ். ஓடினாலும் ஓடாவிட்டாலும் கடனுக்கு வட்டி ஏறிக்கொண்டே இருக்கும். ஆகவே, வாங்க ஆளில்லாத காலத்தில் சரக்கைக் குறைப்பதற்குப் பதில் வந்த விலைக்குத் தள்ளிவிடுவார்கள். விலை பாதாளத்துக்குப் போகும். ரயில் கம்பெனிகள் மறுபடி ஒரே நேரத்தில் பாதை போடக் கிளம்பினால், புது உலை எழும்ப மாதக்கணக்கில் ஆகும் என்பதால் விலை ஒரேயடியாகத் துள்ளும். 1880-இல் அது மறுபடி 67 டாலரைத் தாண்டியது இப்படித்தான். ஐந்தே ஆண்டில் 28 டாலர் சொச்சத்துக்கு இறங்கியதும் இப்படித்தான்.

மற்ற முதலாளிகள் இதற்குக் கண்ட மருந்து கூட்டு. ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கு இவ்வளவு பங்கு என்று பிரித்துக்கொண்டு, விலையைத் தூக்கிப் பிடிப்பது. வெளிநாட்டுத் தண்டவாளத்தின்மேல் டன்னுக்கு 28 டாலர் சுங்கம் காவல் நின்றதால் அவர்களுக்குத் துணிச்சல். அப்படி ஒரு கூட்டத்தில் கேம்ப்ரியாவுக்கு 19 சதவீதம், எட்கர் தாம்சனுக்கு வெறும் 9 என்று பட்டியல் வாசித்தார்களாம். கார்னகி எழுந்து, பெரியவர்களுக்கு என்ன பங்கோ அதே பங்கு எனக்கும் வேண்டும், இல்லாவிட்டால் உங்கள் எல்லோரையும்விட மலிவாக விற்பேன் என்று மிரட்டினாராம். மிரட்டல் கார்னகியுடையது, அதன் பின்னால் நின்ற பலம் கேப்டனுடையது.

உலைகளைப் பதமாக, மெதுவாக எரித்து நீண்ட காலம் காப்பாற்றுவது ஆங்கிலேயர் வழக்கம். ஜோன்ஸ் காற்றைப் பலமாக ஊதி, உலையின் உள்சுவர் சீக்கிரம் தேய்ந்தாலும் சரி என்று உலோகத்தைக் கறந்தார். இரும்புக்கு இரக்கம் காட்டாதவர், மனிதனுக்குக் காட்டினார். உலை முன்னால் பன்னிரண்டு மணி நேரம் நிற்பவன் கடைசி நான்கு மணி நேரம் உபயோகப்படமாட்டான் என்பது அவர் கட்சி. எட்டு மணி நேர ஷிஃப்டைக் கொண்டுவந்தார். 1881-இல் பிரிட்டனின் இரும்பு எஃகுக் கழகத்துக்கு எழுதிய கட்டுரையில், தன் ஆலையின் உற்பத்திக்குக் காரணங்களுள் ஒன்றாக இந்த எட்டு மணி நேரத்தையும் அடுக்கினார். கார்னகி கூட்டாளியாகச் சேர்த்துக்கொள்கிறேன் என்றபோது மறுத்துவிட்டு, பெரிய சம்பளம் கொடுத்தால் போதும் என்றார். அமெரிக்க ஜனாதிபதியின் சம்பளமே உனக்கு என்று தான் சொன்னதாகக் கார்னகி சுயசரிதையில் பதிவு செய்திருக்கிறார்.

1888-இல் அதே கார்னகி எட்டு மணி நேரத்தை ஒழித்தார். ஆலையை மூடி, பிங்கர்டன் என்ற தனியார் கம்பெனியின் காவலர்களை நிறுத்தி, பன்னிரண்டு மணி நேரத்துக்குக் கையெழுத்து வாங்கினார். நூலகம் கட்டிய வள்ளல் என்று கார்னகியைப் போற்றுகிறவர்கள் இந்தப் பக்கத்தைப் புரட்டாமல் தாண்டக் கூடாது.

கேப்டனின் பெரிய சாதனை அதற்கடுத்த வருஷம் வந்தது. அதுவரை பல ஆலைகளில் ஊது உலையின் இரும்பை மணல் அச்சில் வார்த்து, ஆறவிட்டு, உடைத்து, இன்னொரு உலையில் மறுபடி உருக்கிக் கலனில் ஊற்றினார்கள். இரட்டை எரிபொருள், இரட்டைக் கூலி. நேராக ஊற்றினால் என்ன? ஒவ்வோர் உலையின் இரும்பும் ஒரு மாதிரி. சிலிக்கன் கூடும், குறையும், எஃகும் தாறுமாறாக வரும். ஜோன்ஸ் நடுவில் உள்ளே செங்கல் பதித்த பிரம்மாண்டமான கலப்புத் தொட்டி ஒன்றை வைத்தார். எல்லா உலைகளின் குழம்பும் அதற்குள் வந்து விழும். முக்கியமான விஷயம், தொட்டியை ஒருபோதும் காலி செய்யக் கூடாது. எப்போதும் பெரும்பகுதியை உள்ளேயே வைத்துக்கொண்டால், புதிதாக விழுவது பழையதில் கரைந்து குணம் சமனாகிவிடும். பழைய மாவோடு புது மாவைக் கலந்து புளிப்பைச் சரிக்கட்டுகிற அதே கைப்பக்குவம்தான். 1889 ஜூனில் காப்புரிமை கிடைத்தது. அந்த வாரங்களில்தான் ஜான்ஸ்டவுனை வெள்ளம் வாரிக்கொண்டு போயிருந்தது. கேப்டன் தன் ஆட்களைத் திரட்டிக்கொண்டு ஓடி, தன்னை ஒதுக்கிய ஊரில் மீட்பு வேலை செய்தார்.

செப்டம்பர் 26. பிராடக்கின் ‘சி’ உலையில் உள்ளிருந்த சரக்கு இறங்காமல் சிக்கிக்கொண்டது. அதிகாரிகள் தள்ளி நின்று உத்தரவு போடும் இடம் அது. ஜோன்ஸ் ஆட்களோடு முன்னால் நின்றார். உலை வெடித்தது. பள்ளத்தில் விழுந்து தலையில் அடிபட்டவர், இரண்டு நாள் நினைவில்லாமல் கிடந்து இறந்துபோனார். வயது ஐம்பது.

இறந்த சில நாளிலேயே கம்பெனி அவர் மனைவியிடம் 35,000 டாலர் கொடுத்துக் காப்புரிமைகளை எழுதி வாங்கிக்கொண்டது. அந்தத் தொட்டியின் மதிப்புக்கு முன்னால் இது கொள்ளை என்றே நான் சொல்வேன். அனுமதியில்லாமல் தொட்டியைப் பயன்படுத்தியதாகக் கார்னகி கம்பெனி இன்னோர் ஆலைமேல் தொடுத்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1902-இல் ஜெயித்தது. தோற்ற ஆலை, கேம்ப்ரியா.

ஜோன்ஸின் நாற்காலியில் உட்கார்ந்தவர் அவரே வளர்த்த பையன். நாளுக்கு ஒரு டாலர் கூலிக்குப் பிராடக்கில் நில அளவை முளை அடிக்க வந்தவர். பெயர் சார்லஸ் ஷ்வாப், அப்போது வயது 27. பதினோரு ஆண்டு கழித்து, 1900 டிசம்பர் 12 இரவு, நியூயார்க்கில் நடந்த விருந்தில் மார்கனின் காதில் விழும்படி எஃகின் எதிர்காலத்தைப் பேசப்போகிறவர் இவர்தான். அந்தப் பேச்சும் துண்டுச் சீட்டும், அதன்பின் 28 டாலரிலேயே அசையாமல் நின்றுபோன தண்டவாள விலையும் அடுத்த வாரம்.