சன்னது

சாய்ந்துகொள்ளத்தக்க ஆதாரம் என்னும் பொருளுடைய ‘ஸனத்’ என்ற அரபுச் சொல், பாரசீகம், உருது வழியாக நம் கச்சேரிகளை அடைந்து, மானியமும் ஜாகீரும் வழங்கும் அரசாங்கப் பத்திரத்தையும், பின்னர் நியாயஸ்தலத்தில் பிறருக்காக வாதிக்கும் உரிமைப் பத்திரத்தையும் குறிக்கலாயிற்று. ராஜத்துரோகக் குற்றஞ்சாட்டி 1908-இல் தண்டிக்கப்பட்ட வ. உ. சிதம்பரம் பிள்ளை, தம் ஜீவனோபாயமாகிய சன்னதையும் இழந்து, விடுதலைக்குப் பின்னும் வறுமையில் உழன்றார். அதை மீட்டுத் தந்த வாலஸ் என்னும் ஆங்கிலேய நீதிபதியின் நினைவாகத் தம் மகனுக்கு வாலேசுவரன் என்றே பெயரிட்டாரென்றால், அந்த ஒரு காகிதத்தின் கனம் எத்தகையதென்பது விளங்கும். 1961-ஆம் வருஷத்து வழக்கறிஞர் சட்டத்தின்படி, இப்போது மாநில பார் கவுன்சில்களே பெயரைப் பதிவு செய்கின்றன. பதிவின்றி வக்கீலாக நடித்து ஏழைக் கட்சிக்காரரை வஞ்சிக்கும் கொடியவருக்கு அச்சட்டத்தின் 45-ஆம் பிரிவு 6 மாதம் வரை சிறைவாசம் விதிக்கிறது.