மக்காவ், சிங்கப்பூர்: வாசலில் நிறுத்தப்படுபவர் யார்?

மக்காவில் சூதாட்டம் வெறும் தொழில் அல்ல, அரசின் கஜானாவே அதுதான். போர்ச்சுகீசியர் ஆண்ட 19ஆம் நூற்றாண்டிலேயே அங்கே அதற்குச் சட்ட அனுமதி கிடைத்துவிட்டது. 1962 முதல் நாற்பது ஆண்டுகள் தொழிலதிபர் ஸ்டான்லி ஹோவின் நிறுவனம் மட்டுமே அதை நடத்தியது. 1999இல் ஊர் சீனாவிடம் திரும்பியது. 2002இல் ஏகபோகம் முடிந்து அமெரிக்க முதலாளிகளும் வந்தார்கள். 2013இல் சூதாட்ட வருவாய் சுமார் 4,500 கோடி அமெரிக்க டாலர்; லாஸ் வேகாஸின் பிரதான வீதி ஈட்டியதைப்போல ஏறக்குறைய ஏழு மடங்கு. அதில் அரசு எடுத்துக்கொள்வது ஐந்தில் இரண்டு பங்கு. 2008 முதல் அங்கே குடியிருப்பவர்களுக்கு ஆண்டுதோறும் ரொக்கமும் பங்கிட்டுத் தருகிறது.

சிங்கப்பூர் தயங்கித் தயங்கித்தான் இதில் இறங்கியது. 2005 ஏப்ரலில் அப்போதைய பிரதமர் லீ சியன் லூங் சூதாட்டக்கூடங்களை அனுமதிக்கும் முடிவை அறிவிக்கும்முன் சமய அமைப்புகளும் பொதுமக்களும் கடுமையாக எதிர்த்தார்கள். அந்த எதிர்ப்பு வீண்போகவில்லை என்பேன். 2010இல் ரிசார்ட்ஸ் வேர்ல்ட் செந்தோசா, மரினா பே சேண்ட்ஸ் என்ற இரு சூதாட்டக்கூடங்களும் திறந்தபோது, வாசலிலேயே தடுப்பும் இருந்தது. குடிமக்களும் நிரந்தரவாசிகளும் உள்ளே போக ஒரு நாளைக்கு 100 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) கட்ட வேண்டும். 2019 முதல் அது 150. தோற்றாலும் ஜெயித்தாலும் அந்தப் பணம் திரும்பாது. பொதுநல, அறப்பணிகளுக்குப் போகும். சூதாட்டத்தால் வீடு சீரழிகிறதென்றால், மனைவியோ பிள்ளையோ விண்ணப்பித்து சூதாடுபவரை உள்ளே விடாதபடி செய்யலாம். அரசின் நிதியுதவியில் வாழ்பவர்களுக்கும் கடனில் மூழ்கி நொடித்துப்போனவர்களுக்கும் சட்டமே கதவடைத்துவிடுகிறது. மக்காவிலும் அரசு ஊழியர்கள் சீனப் புத்தாண்டு நாட்கள் தவிர மற்ற நாட்களில் சூதாட்டக்கூடத்துக்குள் போகக் கூடாதென்ற விதி உண்டு. ஆனால் குடும்பத்தின் குரலுக்குச் சிங்கப்பூர் கொடுத்த இடம் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

வெளியார் என்று வரும்போதுதான் இரண்டும் நெருங்குகின்றன. மக்காவை வாழவைத்தவர்கள் சீனப் பெருநிலத்தவர். பெருநிலத்தில் சூதாட்டக்கூடத்துக்குத் தடை. பணத்தை வெளியே கொண்டுபோகவும் கட்டுப்பாடு. அந்த இடைவெளியில் தரகர்கள் புகுந்தார்கள். பணக்காரர்களை அழைத்துவந்து கடன் கொடுத்து ஆடவைத்தார்கள். சூதுக் கடனைப் பெருநிலத்து நீதிமன்றங்கள் ஏற்காததால், தாங்களே போய் வசூலித்தார்கள். மிகப் பெரிய தரகு நிறுவனத்தின் தலைவர் 2021இல் கைதாகி, 2023இல் 18 ஆண்டுச் சிறைத் தண்டனை பெற்றார்.

சிங்கப்பூரிலோ வெளிநாட்டவருக்கு நுழைவு வரியே கிடையாது. சுற்றுலாப் பயணி என்றால் சரி. ஆனால் கட்டுமானத் தளத்தில் வேலை பார்க்கும் தமிழகத் தொழிலாளியும் வெளிநாட்டவர்தான். ஏஜெண்டுக்குக் கட்ட வாங்கிய கடன் இன்னும் தீராதவர், ஊருக்கு அனுப்ப வேண்டிய சம்பளத்துடன் ஞாயிற்றுக்கிழமை இலவசமாக உள்ளே போகலாம். நல்ல வருமானம் உள்ள குடிமகனைத் தடுக்கும் வரி, தடுப்பு அதிகம் தேவைப்படும் இவரைத் தடுப்பதில்லை. அந்தச் சட்டத்தில் நான் காணும் பெரிய குறை இதுவே.

சட்டம் மாறும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. தனக்குத் தானே தடை போட்டுக்கொள்ளும் விலக்கு முறை ஒர்க் பெர்மிட்டில் இருப்பவர்களுக்கும் உண்டு. சூதாட்டப் பிரச்சினைகளுக்கான தேசிய மன்றத்திடம் விண்ணப்பிக்கலாம். ஏற்கெனவே பெரும் எண்ணிக்கையில் வெளிநாட்டு ஊழியர்கள் அப்படிச் செய்திருக்கிறார்கள். சிங்கப்பூரில் உங்கள் தம்பியோ மகனோ இருந்தால், அடுத்த முறை பேசும்போது இதைச் சொல்லுங்கள்.