நீலப் பம்பும் மண்ணிறப் பம்பும்: எது எதற்கு?

தொய்வு வருத்தம் உள்ள வீடுகளில் நீலப் பம்ப் பெரும்பாலும் தலையணைக்குக் கீழே இருக்கும். மண்ணிறப் பம்ப் அலுமாரிக்குள் பெட்டியோடு கிடக்கும். முட்டு வரும்போது நீலத்தை இழுத்தால் சில நிமிடங்களில் மூச்சு லேசாகிவிடுவதால், அதுதான் மருந்து என்ற எண்ணம் ஊறிப்போயிருக்கிறது.

நீலத்தில் இருப்பது சல்பியூட்டமோல். சுருங்கிய மூச்சுக்குழாய்த் தசைகளைத் தளர்த்தும். 4 முதல் 6 மணித்தியாலம் நிற்கும். குழாயின் உட்புற அழற்சியை அது குறைப்பதில்லை. அதைக் குறைப்பது மண்ணிறப் பம்பில் உள்ள பெக்லோமெதசோன் போன்ற ஸ்டீரொயிட். இழுத்தவுடன் எந்தச் சுகமும் தெரியாது, பலன் தெரிய நாட்கள், வாரங்கள் எடுக்கும். அதனாலேயே பலர் கைவிட்டுவிடுகிறார்கள். வளர்ந்தவர்களின் தொய்வுக்கு நீலத்தை மட்டும் கொடுக்கும் முறையைச் சர்வதேச வழிகாட்டியான ஜீனா 2019இலேயே கைவிட்டது. 200 இழுப்புள்ள நீலப் பம்ப் வருடத்தில் 3 அல்லது அதற்கு மேல் முடிந்தால், கடுமையான முட்டு வரும் ஆபத்து கூடுகிறது என்பது அதன் கணக்கு.

ஸ்டீரொயிட் என்றதும் பயம் வருவது இயல்பு. ஆனால் பம்பில் வருவது மைக்கிரோகிராம் அளவு, குளிசையில் மில்லிகிராம். இழுத்தபின் வாய் கொப்பளித்துத் துப்பினால் வாயில் வெண்படை வருவது குறையும். நிறம் கம்பனிக்குக் கம்பனி மாறலாம், பெயரைப் பாருங்கள். கிளினிக்கில் தரும் தூள் கப்சியூலைக் கருவியில் போட்டு இழுக்கவேண்டும். குளிசை என்று நினைத்து விழுங்குகிறவர்களும் இருக்கிறார்கள்.

சுருட்டு, விறகடுப்புப் புகையால் நாட்பட்டுக் கெட்ட நுரையீரலையும் நாங்கள் தொய்வு என்றே சொல்கிறோம். அது வேறு நோய். அதற்குத் தியோட்ரோபியம் போன்ற நீண்டநேர மருந்துகளே முக்கியம். ஸ்டீரொயிட் எல்லோருக்கும் தேவைப்படாது. அடுத்த வீட்டுப் பம்பை இரவல் வாங்குவதில் உள்ள பிழை இதுதான். தியோபிலின் குளிசை எடுப்பவர்கள் சிப்ரோபுளொக்சசின், எரித்ரோமைசின் எழுதும் வைத்தியரிடம் அதைச் சொல்லவேண்டும். இரத்தத்தில் தியோபிலின் கூடினால் வாந்தி, படபடப்பு, வலிப்புகூட வரலாம்.

எங்கள் ஆட்கள் கூடுதலாகக் கவனிக்கவேண்டியது புரொப்பிரனலோல். யுத்தத்துக்குப் பிறகு விடாத பதற்றம், நெஞ்சுப் படபடப்பு, கை நடுக்கம் என்று போகிறவர்களுக்கு இது எழுதப்படுவதுண்டு. தொய்வு உள்ளவருக்கு இது மூச்சுக்குழாயை இறுக்கும். அந்த நேரத்தில் நீலப் பம்பும் சரியாக வேலை செய்யாது. தாமாக நிறுத்தாமல், உடனே வைத்தியரிடம் சொல்லவேண்டும். நெஞ்சில் செல் துண்டு இருப்பவர்கள், முன்பு காசநோய் வந்தவர்கள் அதையும் சொல்லுங்கள். எல்லா முட்டும் தொய்வல்ல. மனநலக் கிளினிக் கொப்பி ஒன்று, நெஞ்சுக் கிளினிக் கொப்பி இன்னொன்று என்று வைத்திருப்பவர்கள் எங்கே போனாலும் இரண்டையும் கொண்டுபோகவேண்டும்.