நான்கு உள்ளங்கைகள்

போன ஒக்ரோபரில் அப்பாவைப் பக்கத்தில் இருத்திக்கொண்டு கார் ஓடிப் பழகினேன். பேர்ன் நகரில் கல் பதித்த ஒரு இறக்கம். மழை தூறத் தொடங்கிச் சில நிமிடம்தான். பிரேக்கை அழுத்தினேன், கார் வழுக்கிக்கொண்டே போனது. முன்னால் மஞ்சள் கடவையில் ஒரு தாய், தள்ளுவண்டியில் குழந்தை. ஒரு முழ இடைவெளியில் கார் நின்றது.

அப்பா ஏசவில்லை. "தூறல் விழேக்கையே வேகத்தைக் குறைச்சிருக்கோணும், பிள்ளை" என்றார்.

எங்கள் நகரத்துக்கு இந்தப் பாடம் பழையது. வடமேற்கே இருக்கும் பிரெம்கார்ட்டன் காட்டு வீதிகளில் 1934 முதல் 1954 வரை சுவிஸ் கிராண்ட் பிரி கார் ஓட்டம் நடந்தது. ஒரு சுற்று 7.28 கிலோமீற்றர். இருபக்கமும் மரங்கள், மங்கிய வெளிச்சம். ஒரே சுற்றுக்குள் வீதியின் மேற்பரப்பும் மாறும். 1948 யூலை 1ஆம் திகதி, பயிற்சி நேரத்தில் இலேசான மழை. இத்தாலியின் பெரும் ஓட்டவீரர் அக்கீலே வார்சியின் அல்ஃபா ரோமியோ ஈர வீதியில் வழுக்கிப் புரண்டது. தலையில் துணித்தொப்பி மட்டுமே அணிந்திருந்த அவர் அங்கேயே இறந்தார்.

இலேசான மழைக்கு ஏன் இவ்வளவு பலம்? ஒவ்வொரு ரயரும் வீதியைத் தொடுவது ஏறக்குறைய ஒரு உள்ளங்கை அளவு இடத்தில்தான். அங்கே இறப்பர் கல்லின் நுண்ணிய கூர்களுக்குள் அமுங்கிப் பிடித்துக்கொள்கிறது. பல நாள் வெயிலுக்குப் பிறகு விழும் முதல் தூறல், வீதியில் கிடக்கும் தூசி, எண்ணெய், இறப்பர்த் துகள்களோடு கலந்து இரண்டுக்கும் நடுவில் வழுக்கும் படலமாகிறது. ரயரின் பள்ளங்களும் கற்களுக்கு இடையிலுள்ள வெளிகளும் பெருந்தண்ணீரை வெளியேற்றும். மிஞ்சும் மெல்லிய படலத்தைக் குத்திக் கிழிப்பது கல்லின் கூர்தான்.

அந்தக் கூரை மழுக்குவதும் ரயர்தான். ஆண்டுக்கணக்காக ஓடும் வாகனங்கள் கல்லை மெருகேற்றிவிடும். சுண்ணக்கல் சீக்கிரம் வழவழப்பாகும். வெவ்வேறு கடினம் கொண்ட கனிமங்கள் கலந்த கல் சமமாகத் தேயாததால் நெடுநாள் சொரசொரப்பாகவே இருக்கும். வீதிக்குக் கல் தெரிவு செய்யும் பொறியியலாளர்கள் இதைச் சோதித்தே எடுக்கிறார்கள்.

1955இல் பிரான்சின் லு மான் ஓட்டத்தில் எண்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தபின், சுவிஸ் 1958இல் சுற்றுப்பாதைக் கார் ஓட்டங்களைச் சட்டத்தால் தடைசெய்தது.

வார்சிக்கு இருந்த திறமை எனக்கு இல்லை. அவரைத் தாங்கியதும் நான்கு உள்ளங்கைகள்தான், என்னைத் தாங்குவதும் அதே நான்குதான். இப்போது கண்ணாடியில் முதல் துளி விழுந்ததும் என் கால் தானாகவே மேலே எழும்புகிறது.