கந்தப்பளை ஓடைநீரும் ஏழு சதவீத வாதமும்

கலவை நச்சுத்தன்மை பற்றிய எழுத்தில் ஒரு முடிவு வேரூன்றியிருக்கிறது: கலவையில் வீரியம் பெருகுவது அரிது, ஆகவே ஒவ்வொரு இரசாயனமும் தன் வரம்புக்குள் இருந்தால் போதும். இதற்கு ஆதாரமாகக் காட்டப்படுவது நினா செடர்கிரீன் 2014இல் வெளியிட்ட தொகுப்பாய்வு. அவர் எடுத்துக்கொண்ட 194 இரட்டைப் பூச்சிக்கொல்லிக் கலவைகளில் 7 சதவீதத்திலேயே வீரியப் பெருக்கம் பதிவானது. எண்ணில் பிழையில்லை. பிழை அதைப் படிக்கும் விதத்தில்.

அங்கே பெருக்கம் எனப்படுவது, செறிவுக் கூட்டல் கணக்கிலிருந்து குறைந்தது இரு மடங்கு விலகுவது. எஞ்சியவற்றில் பெரும்பகுதி அந்தக் கணக்கை ஒட்டியே நடக்கிறது. தீங்கற்றது என்று அதற்குப் பொருளில்லை. ஒரே வழியில் தாக்கும் ஐந்து நஞ்சுகள் தத்தம் தீங்களவில் ஐந்திலொரு பங்கு இருந்தாலே, சேர்ந்து முழு அளவை எட்டிவிடும். சில்வா, ராஜபக்ஷ, கோர்டென்காம்ப் ஆகியோர் 2002இல் ஈஸ்ட்ரஜன் போலச் செயற்படும் எட்டுப் பொருள்களை, தனித்தனியே விளைவு காட்டாத செறிவுகளில் கலந்தார்கள். விளைவு தெளிவாகத் தெரிந்தது. அதற்குப் பெருக்கம் தேவைப்படவில்லை, கூட்டலே போதுமாயிருந்தது.

இனி, பெருக்கம் காட்டும் அந்தச் சிறுபான்மைக் கலவைகள் எவை? இதைக் கேட்காமலே பலரும் கடந்துபோகிறார்கள். அதே தொகுப்பாய்வில், அந்த 7 சதவீதக் கணக்குக்கு அப்பாலும் திரட்டி, பெருக்கம் விவரிக்கப்பட்ட 69 பூச்சிக்கொல்லி நேர்வுகளில் 95 சதவீதத்தில் கோலினெஸ்டரேஸ் தடுப்பான்களோ அசோல் பூஞ்சைக்கொல்லிகளோ இருந்தன. முன்னவை எஸ்டரேஸ் நொதிகளையும் பின்னவை ஒட்சியேற்ற நொதிகளையும் முடக்குவதால், உடல் மற்ற நஞ்சை முறிக்க முடியாமல் போகிறது.

இந்த இரு வகைகளும் சேரக்கூடிய இடம் இலங்கையின் மலைநாட்டிலுள்ள கந்தப்பளை. அங்கே தேயிலை மலையும் மரக்கறித் தோட்டமும் அடுத்தடுத்துக் கிடக்கின்றன. 1946இல் இலங்கைக்கு வந்த கொப்புள நோய்க்குத் தேயிலையில் செம்பு மருந்துகளோடு ஹெக்சகொனசோல் போன்ற அசோல்களும் அடிக்கப்படுகின்றன. மலைநாட்டு மரக்கறிக்கு அடிப்பவற்றில் கோலினெஸ்டரேஸ் தடுப்பான்களான ஆர்கனோபொஸ்பேட்டுகள் உண்டு. தேயிலைக்கான பரிந்துரை தலவாக்கலைத் தேயிலை ஆராய்ச்சி நிலையத்திலிருந்தும், மரக்கறிக்கானது விவசாயத் திணைக்களத்திலிருந்தும் வருகிறது. மழையோ இரண்டையும் ஒரே ஓடையில் சேர்த்துவிடுகிறது. பொதுச் சராசரியில் அரிதாகத் தெரியும் சேர்க்கை இங்கே அன்றாடச் சாத்தியம்.

பெருக்கம் உயர்ந்த செறிவுகளில்தான் தெரியும் என்ற மறுப்பு நியாயமானது. அது கூட்டலைத் தொடுவதில்லை. நான் அதிகம் அஞ்சுவதும் கூட்டலையே. இரசாயனப் பகுப்பாய்வு போதும் என்பாருக்கு ஒரே பதில்: தேடாத பொருளை அது காட்டாது.

ஆகவே நீரையே சோதிக்க வேண்டும். மருந்தடித்தபின் பெய்யும் முதல் மழையில், லயன் குடும்பங்கள் தண்ணீர் பிடிக்கும் பீலிக்கு மேலே மாதிரி எடுத்து, பிறந்து 24 மணி நேரத்துக்குட்பட்ட டாப்னியா நீர்த்தெள்ளுகளை அதில் 48 மணி நேரம் விட்டு, அசைவிழந்தவற்றை எண்ணலாம். இன்னொரு பங்கில், ஒட்சியேற்ற நொதிகளை முடக்கும் பைபரோனைல் பியூட்டொக்சைடு சேர்க்க வேண்டும். நச்சு குறைந்தால் உடலுக்குள் வீரியமடையும் ஆர்கனோபொஸ்பேட்டையும், கூடினால் பைரித்ராய்டு பூச்சிக்கொல்லியையும் முதலில் சந்தேகிக்கலாம். அசோல் ஏற்கெனவே அதே நொதிகளை முடக்கியிருந்தால் இந்த வேறுபாடு மங்கும். அதனால் அசோல் அளவை மட்டும் கூடவே அளந்தாக வேண்டும்.