வேலி இல்லாத நாட்டில் சூட்டுக்கோலும் குதிரையும்

கௌபாய் என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது துப்பாக்கிச் சண்டைதான். லயன் காமிக்ஸில் டெக்ஸ் வில்லர் கதைகளைப் படித்தவர்களும், ஜெய்சங்கர் நடித்த 'கங்கா' படத்தைப் பார்த்தவர்களும் அப்படித்தான் நினைப்பார்கள். உண்மையில் கௌபாய் என்பவர் கூலிக்கு மாடு மேய்த்தவர். அவருடைய தொழிலுக்குத் துப்பாக்கியை விட இரண்டு பொருள்கள் முக்கியம். ஒன்று, மாட்டின் தோலில் குறி போடும் சூட்டுக்கோல். மற்றொன்று, அவர் ஏறிய குதிரை.

இந்த இரண்டு வழக்கங்களும் ஸ்பானியர்களோடு வந்தவை. 1493-ல் கொலம்பஸ் தன் இரண்டாவது பயணத்தில் மாடுகளையும் குதிரைகளையும் கப்பலில் ஏற்றி வந்தார். பிறகு மெக்சிகோவில் மாடுகள் பெருகின. மாடு வைத்திருப்பவர்கள் தங்கள் குறியைப் பதிவு செய்ய வேண்டும் என்று 1529-லேயே அங்கே விதி வந்துவிட்டது. குதிரையேறி மாடு மேய்த்த மெக்சிகோக்காரர்களுக்கு 'வக்கேரோ' என்று பெயர். டெக்சாஸ்காரர்கள் தொழில் கற்றது இவர்களிடம்தான். லாசோ, ரோடியோ, ராஞ்ச் எல்லாமே ஸ்பானிய மொழியிலிருந்து வந்த சொற்கள்.

குறி எதற்கு?

19-ம் நூற்றாண்டில் டெக்சாஸிலிருந்து வயோமிங் வரை பரந்த புல்வெளிகளுக்கு வேலி கிடையாது. பத்துப் பேருடைய மாடுகள் ஒன்றாகக் கலந்து மேயும். எந்த மாடு யாருடையது என்று சொல்ல அதன் தோலில் இருந்த குறி ஒன்றுதான் சாட்சி. அந்தக் குறியைப் படிக்கவும் முறை இருந்தது. இடமிருந்து வலமாக, மேலிருந்து கீழாகப் படிக்க வேண்டும். எழுத்து படுத்திருந்தால் 'சோம்பேறி', சிறகு இருந்தால் 'பறக்கும்', அடியில் வளைவு இருந்தால் 'ஆடும்' என்று பெயர். டெக்சாஸின் கிங் ராஞ்ச் 1869-ல் பதிவு செய்த 'ஓடும் டபிள்யூ' இன்றும் புழக்கத்தில் இருக்கிறது.

குதிரையின் வேலை

வசந்த காலத்தில் எல்லா மாடுகளையும் ஓரிடத்தில் திரட்டுவார்கள். கன்று தாய்ப்பசுவை ஒட்டியே நிற்கும். தாயின் உடம்பில் எந்தக் குறியோ அதே குறிதான் கன்றுக்கும். கௌபாய் குதிரையோடு மந்தைக்குள் மெதுவாகப் போய், சுருக்குக் கயிற்றை வீசிக் கன்றின் காலைப் பிடித்து, நெருப்பு இருக்கும் இடத்துக்கு இழுத்து வருவார். வரும்போதே தாயின் குறியை உரக்கச் சொல்வார். கீழே நிற்கும் இருவர் கன்றை அமுக்கிப் பிடிக்க, மூன்றாமவர் சூட்டுக்கோலை வைப்பார். கோல் செக்கச்செவேல் என்று இருந்தால் ரோமம் தீப்பிடித்துக் குறி கலைந்துவிடும். சாம்பல் நிறம்தான் சரியான பதம்.

இந்த வேலையில் பாதி குதிரையுடையது. கயிறு தொய்யாமல் நிற்க வேண்டும். மாடு எந்தப் பக்கம் திரும்பும் என்று முன்னாலேயே அறிய வேண்டும். ஒருவருக்கு ஏழெட்டுக் குதிரைகள் ஒதுக்குவார்கள். மந்தையிலிருந்து மாட்டைப் பிரிக்க ஒன்று, கயிறு வீச ஒன்று, இரவுக் காவலுக்கு ஒன்று. பெரும்பாலும் குதிரைகள் முதலாளியுடையவை. கௌபாய்க்குச் சொந்தமானது சேணம் மட்டுமே!

குறியில்லாத கன்று

தாயைப் பிரிந்துவிட்ட, குறி போடாத கன்று யாருக்குச் சொந்தம்? இங்கேதான் சிக்கல். சாமுவேல் மேவரிக் என்ற டெக்சாஸ் வழக்கறிஞர் 1847-ல் கடனுக்கு ஈடாக 400 மாடுகளைப் பெற்றார். அவற்றை அவர் சரியாகக் கவனிக்கவில்லை. கன்றுகள் குறியின்றித் திரிந்தன. அதிலிருந்து குறியில்லாத மாட்டுக்கே 'மேவரிக்' என்று பெயர் வந்தது. முதலில் பிடித்துச் சூடு போட்டவருக்கே அது சொந்தம் என்பது பழைய வழக்கம். ஏழைக் கௌபாய் ஒருவர் சொந்த மந்தை சேர்க்க அது ஒரு வழி.

பெரிய முதலாளிகள் அந்த வழியை அடைத்தார்கள். 1884-ல் வயோமிங்கில் வந்த சட்டப்படி, மேவரிக் கன்றுகளை முதலாளிகளின் சங்கமே ஏலம் விட்டுப் பணத்தை வைத்துக்கொள்ளலாம். சொந்தக் குறி வைத்திருந்த கௌபாய்களுக்குச் சங்கத்தார் வேலை தரவில்லை. 1886-87 கடுங்குளிரில் மாடுகள் ஏராளமாக மடிந்தன. நஷ்டப்பட்ட முதலாளிகளின் கோபம் சிறு விவசாயிகள் மேல் திரும்பியது. 1889 ஜூலையில் எல்லா வாட்சன் என்ற பெண்ணையும் ஜேம்ஸ் ஆவரெல் என்பவரையும் திருடர்கள் என்று சொல்லி மரத்தில் தூக்கிலிட்டார்கள். இத்தனைக்கும் எல்லா வாட்சனிடம் பதிவு செய்த குறி இருந்தது. சாட்சிகள் இல்லாமல் போனதால் யாரும் தண்டிக்கப்படவில்லை.

1892 ஏப்ரலில் முதலாளிகள் டெக்சாஸிலிருந்து கூலிக்குத் துப்பாக்கிக்காரர்களை வரவழைத்து ஜான்சன் கவுண்டிக்குள் புகுந்தார்கள். நேட் சாம்பியன், நிக் ரே இருவரும் கொல்லப்பட்டனர். கொதித்தெழுந்த ஊர்மக்கள் படையெடுத்து வந்தவர்களையே சுற்றி வளைத்தார்கள். குடியரசுத் தலைவர் ஹாரிசன் அனுப்பிய குதிரைப்படை வந்துதான் அவர்களை மீட்டது. இந்த வழக்கிலும் தண்டனை இல்லை.

1874-ல் ஜோசப் கிளிட்டன் காப்புரிமை பெற்ற முள்கம்பி, மெல்ல மெல்ல அந்தப் புல்வெளிகளைத் துண்டு போட்டது. வேலி வந்த பிறகும் குறி போகவில்லை. வயோமிங் உள்ளிட்ட மேற்கு மாநிலங்களில் பதிவு செய்த குறி இன்றும் சட்டப்படி செல்லும். 2024 நவம்பர் முதல் மாநிலம் விட்டு மாநிலம் போகும் சில வகை மாடுகளுக்கு மின்னணுக் காதுவில்லை கட்டாயமாகியுள்ளது. ஆனால் அது நோயைக் கண்காணிக்கத்தான். மாடு யாருடையது என்று கேட்டால் அங்கே இன்றும் தோலில் உள்ள குறியைத்தான் பார்க்கிறார்கள். எல்லா வாட்சனும் தன் மாடுகளுக்கு அந்தக் குறியைத்தான் நம்பினார். குறி செல்லுமா என்பதைச் சூட்டுக்கோல் தீர்மானிக்கவில்லை. அதைப் பிடித்திருந்த கை யாருடையது என்பதுதான் தீர்மானித்தது.